தாசில்தார் வாசலில் ஒரு சிலேட்டு

தாசில்தார் தணிகாசலத்துக்கு எப்போது கோபம் வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவர் சிடுசிடுக்கும் நாளெல்லாம், ‘மூடி’ (moody) என்று இங்கிலீஷில் எழுதிய சிலேட்டை டபேதார் சந்தியாகு வாசலில் மாட்டிவிடுவான். மனுவோடு வந்தவர்கள் அதைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் சிலேட்டு தாசில்தார் கண்ணிலேயே பட்டுவிட்டது.

“என்னைச் சிடுமூஞ்சின்னா எழுதியிருக்கே? உன் வேலை போச்சுடா!”

“ஐயா, அது இந்தக் காலத்து அர்த்தம். ஆதியில அந்தச் சொல்லுக்கு வீரன்னு பொருள். நான் தினமும் தூசி தட்டுற உங்க அகராதியிலேயே போட்டிருக்கு.”

தணிகாசலம் புரட்டிப் பார்த்தார். இருந்தது. மீசை தானாக மேலேறியது.

அன்றிலிருந்து சந்தியாகுவுக்கு ஒரு வேலை மிச்சம். யார்மேலாவது எரிந்து விழத் தோன்றினால், தாசில்தாரே எழுந்துபோய்த் தன் கையால் சிலேட்டை மாட்டிவிட்டு வந்தார்.