கிளி விரட்டிய டேப்

சர்க்கரை ஆலையில் கணினி சர்வர் நிரம்பிப்போனதால் எடைச்சீட்டு அச்சாகவில்லை. வாசலில் கரும்பு லாரிகள் ஹாரனை அலறவிட்டபடி நின்றன. டிரைவர்கள் ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

மேலாளர் தில்லைநாயகம் ஒப்பந்த ஊழியர் செம்மலரிடம் பாய்ந்தார். "பன்னிரண்டு மணிக்குள்ள பாதி இடம் காலியாகணும். ஒரு ஃபைலும் அழியக் கூடாது. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே!"

"இடத்தை அடைச்சிருக்கிறது பழைய பேக்கப் பட்டியல்கள்தான் சார். கணக்கை நகலெடுத்து வச்ச காந்த டேப்புகள்ல எதுல என்ன இருக்குன்னு சொல்றது."

"அப்போ தொடாதே! டேப் இருக்கிற வரைக்கும் பட்டியலும் இருக்கணும். டேப் இல்லைன்னாதான் அழிக்கலாம்."

"அதை எழுதிக் கொடுங்க சார்."

விறைப்பாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். செம்மலர் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

"டேப் அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? திறந்து காட்டுங்க, எண்ணிப் பார்த்துடலாம்."

மேலாளர் சாவி இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். வெளியே ஹாரன்கள் இன்னும் உரக்க அலறின. ஒரு டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"எந்த டேப்பும்மா? ஐயா தன் சோளக்கொல்லை முழுக்கக் கிளி விரட்ட உருவிக் கட்டியிருக்காரே, பளபளன்னு, அதுவா?"

ஆபீஸே சிரித்தது. செம்மலர் மட்டும் சிரிக்காமல், அழிக்கும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கிளிகளுக்குப் பட்டியல் தேவைப்படுமா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் எடைச்சீட்டு கடகடவென்று அச்சாகத் தொடங்கியது.