ஓரத்தில் ஒரு மஞ்சள் நூல்

கரூரில் ஒரு துண்டு மில். அதன் மேனேஜர் தண்டபாணிக்கு நெசவாளர் ஒருத்தர் பெயரும் தெரியாது. எல்லாரையும் தறி நம்பர் சொல்லித்தான் அதட்டுவார். பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு மாசப் பயிற்சிக்கு வந்த பூவரசியோ, முதல் வாரமே நாற்பது பேரோடும் டீ குடித்துப் பழகிவிட்டாள்.

"தொழில் படிக்க வந்தியா, அரட்டைக்கு வந்தியா? சர்டிபிகேட்ல கையெழுத்துக் கிடையாது, போ!" என்று எரிந்து விழுந்தார் மேனேஜர்.

அவளுடைய கடைசி நாளன்று, சரக்கு வாங்க வந்தவர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். "இதை நெய்த கைதான் எனக்கு வேணும்." துண்டில் தறி நம்பர் எழுதிய சீட்டு இல்லை. மேனேஜர் பூவரசியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா அரட்டை மகராணி, இது எந்தத் தறின்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லு. கையெழுத்துப் போடறேன்."

"முதல்ல போடுங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். சர்டிபிகேட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் துண்டின் ஓரத்தைப் புரட்டினாள். அங்கே ஒரு மஞ்சள் நூல்.

"பிசிறுன்னு வெட்டச் சொல்வீங்களே, அதுதான் சார். துண்டு கலந்துடக் கூடாதுன்னு ஆளுக்கொரு கலர் நூல் வைப்பாங்க. மஞ்சள்னா மயிலாக்கா."

"நம்பர் என்ன?"

"நம்பரெல்லாம் தெரியாதுங்க. பேருதான் தெரியும்."

வந்தவர் சிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மேனேஜர் தறிக்கூடத்து வாசலில் நின்று, சத்தத்துக்கு மேலே கத்தினார்: "மயிலாக்கா!"

நாற்பது தறியும் சட்டென்று நின்றன.