ஏழாவது படி

ஸ்ரேயாம்ச நயினார் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டுச் சுவர் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த வீட்டில் பூஜை அறை கட்ட ஆரம்பித்தால் கேட்கவா வேண்டும்?

அந்த வருஷம் மழைக்காலம் நான்கு மாதமும் உபசாந்தமதி மாதாஜி எங்கள் ஊர்ச் சமணக் கோயிலான ஜினாலயத்தில் தங்கியிருந்தார். துறவியாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். அறுபத்து மூன்று வயது நயினார் அவர் எதிரே நோட்டும் பேனாவுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்காருவார்.

ஒருநாள் நோட்டுக்குப் பதில் வீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார்.

"வடகிழக்கு மூலைதானே மாதாஜி?"

"சரி."

"பகவான் கிழக்கு பார்த்து இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"குளியலறைச் சுவர் ஒட்டக் கூடாது. உத்தரத்துக்கு நேர் கீழே வரக் கூடாது. முக்கியமா, பகவான் தலைக்கு மேலே யார் காலும் படக் கூடாது. அதனாலதான் மாடியில கட்டறேன். பக்கத்துலயே நான் உக்காந்து படிக்க ஒரு சின்ன அறை."

"தினமும் முதல்ல பகவானைப் பார்க்கிறது யாரு?"

"வீட்டுக்காரி சுநந்தாதான். வேற யாரு? பையன் பூனாவுல இருக்கான்."

மாதாஜி வரைபடத்தில் படிக்கட்டு போட்டிருந்த இடத்தைப் பார்த்தார்.

"எத்தனை படி?"

"பதினேழு. ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம். ரொம்ப சுளுவு."

மாதாஜி வரைபடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நயினாருக்கு அது போதவில்லை.

"ஏதாவது சொல்லுங்க மாதாஜி."

"கட்டறதைப் பத்தி நாங்க சொல்றதில்லை. கடைக்கால் தோண்டினா எத்தனை உயிர் போகும்! விடச் சொல்றதோட எங்க வேலை சரி."

"அப்ப எனக்கு ஒரு நியமம் கொடுங்க. அறை முடியற அன்னிக்கு நானும் எதையாவது விட்டேன்னு இருக்கட்டும். கிழங்கு, கத்திரிக்காய் எல்லாம் எப்பவோ விட்டாச்சு."

"நேரம் வரட்டும்."

நயினார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து, மத்தியான வேளையில், அவர் மனைவி சுநந்தா அம்மாள் தனியாக ஜினாலயத்துக்கு வந்தார். வந்து கீழே உட்காரவே அவருக்கு வெகு நேரம் பிடித்தது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் வருஷம் மூன்றாகிறது.

"என் நியமத்தைத் திருப்பி வாங்கிக்கோங்க மாதாஜி" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பே எடுத்த நியமம் அது. காலையில் பகவானைப் பார்க்காமல் அவர் பல்லில் தண்ணீர் படாது. சமையலறைக்குப் பக்கத்து அறையில், சுவர் மாடத்தில், ஒரு சாண் உயரப் பார்சுவநாதர் இருந்தார். முப்பத்தெட்டு வருஷமாக எழுந்து, குளித்து, நாலு எட்டு எடுத்து வைத்தால் தரிசனம். இப்போது அந்த பகவான் மாடிக்குப் போகப் போகிறார்.

"பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பிட்டதுதான், அப்புறம் விடியற வரைக்கும் வயித்துல ஒண்ணுமில்லை. சர்க்கரை வேற. வெறும் வயித்தோட பதினேழு படி ஏற என்னால ஆகாது மாதாஜி. நடுவுல விழுந்து வச்சா அவருக்குத்தான் கஷ்டம்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மெதுவா ஏறிடலாம்னார். ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிப் பார்த்துப் பதிக்கிறார். இத்தனை சந்தோஷமா அவரை நான் பார்த்ததே இல்லை. மறுபடி எந்த வாயால சொல்றது?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அவருக்குத் தெரியாம தண்ணி குடிச்சிட்டு நியமம் இருக்கிற மாதிரி நடிக்கவும் மனசு வரலை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"அறை முடியட்டும். வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அறை முடிந்தது. நல்ல நாள் பார்த்து, விடிந்ததும், சுநந்தா அம்மாள் குளித்து வருவதற்குள், நயினார் பகவானை மாடிக்கு எடுத்துப் போய் வெள்ளைப் பளிங்கு மேடையில் அமர்த்தினார். மாதாஜி வந்தார். வீட்டுக்குள் வந்தவர் படிக்கட்டின் அடியில் மயிற்பீலியால் தரையிலிருந்த சிற்றுயிர்களை மெல்ல ஒதுக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேல வந்து பாருங்க மாதாஜி!" மாடியிலிருந்து நயினார் கூப்பிட்டார்.

"தினமும் முதல்ல பார்க்கிறவங்க பார்க்கட்டும். நான் அப்புறம் பார்க்கிறேன்."

"சுநந்தா! சீக்கிரம் வா. மாதாஜி காத்துட்டிருக்காங்க."

சுநந்தா அம்மாள் ஒரு கையில் பூஜைக்கு அரிசித் தட்டை ஏந்தி, மறு கையால் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. நாலாவது படியில் அரிசித் தட்டு ஒருபக்கம் சாய்ந்தது. ஏழாவது படியில் தட்டைக் கீழே வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"என்ன சுநந்தா?"

"முடியலைங்க."

நயினார் அவசரமாக மேல் படிக்கு வந்து பார்த்தார். கட்டட வேலை நடந்த மூன்று மாதமும் அவர் இந்தப் படியில் நூறு தடவை ஏறி இறங்கியிருப்பார். சுநந்தா ஏறி ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை.

"இன்னும் தண்ணிகூடக் குடிக்கலையே நீ" என்றார்.

"நியமத்தைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லி என்கிட்ட வந்தாங்க" என்றார் மாதாஜி.

"நியமத்தை விடறதா? இத்தனை வருஷமா இருக்கிறதை? எனக்காகவா?" நயினார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஒரு மடையன் மாதாஜி. பகவான் பழையபடி கீழேயே இருக்கட்டும்னு சொல்லிடலாம். ஆனா இப்ப மாடி வந்துடுச்சே! அந்த மாடத்துக்கு நேர் மேலதான் இந்த அறை. கீழே வச்சா தலைக்கு மேலே கால் படும். அது தோஷமில்லையா?"

"தோஷம்தான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"மாடியில நடக்கிறது யாரு?"

"நான்தான். வேற யாரு வரப் போறா?"

"நியமம் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னிக்கு இறங்கினதோட சரி. இனிமே மாடி ஏறாதீங்க."

நயினார் திரும்பிப் பார்த்தார். பளிங்கு பளபளவென்றிருந்தது. பக்கத்து அறையில் புது நாற்காலி, உறைகூடப் பிரிக்கவில்லை.

"இவ்வளவும்..." என்று இழுத்தார்.

"எதையாவது விடணும்னுதானே கேட்டீங்க?"

நயினாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதமாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த அங்குலமும் மூலையும் உத்தரமும் ஒரேயடியாக ஒழிந்த நிம்மதி அது. இரண்டு கையையும் கூப்பி, "எடுத்துக்கிட்டேன் மாதாஜி" என்றார். உள்ளே போய் பகவானை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, கதவைக் காலால்கூடத் தள்ளிச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

ஏழாவது படிக்கு வந்ததும் நின்றார். சுநந்தா அம்மாளின் முகத்துக்கு நேரே பார்சுவநாதர். அந்த அம்மாள் கைகூப்பி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பாடா" என்றார். மாதக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்த பாரம் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இறங்கியது.

ஓவர்சீயர் புத்தி சும்மா இருக்குமா? நயினாருக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

"மாதாஜி, மாடத்துல அமர்த்தறதுக்கு முன்னாடி, படியில வச்சுப் பார்த்துட்டாளே. இது தரிசனத்துல சேருமா?"

"முதல்ல அவங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுங்க" என்றார் மாதாஜி.