பதினேழாம் நாள் கொடுத்த நான்கு உருண்டை

நீலவரை நாட்டு அரசியின் குதிரைகளைப் பழக்கிவந்தவன் செங்கோடன். முரட்டுக் குதிரை ஒன்று தூக்கி எறிந்ததில் அவன் தொடை எலும்பு முறிந்தது. அரண்மனை வைத்தியர் ஆதப்பர் எலும்பை வைத்துக் கட்டி, வலிக்கு அபின் உருண்டை கொடுத்தார். நாளுக்கு ஒன்று. வலியோடு கவலையும் போய்விட்டது என்று மனைவி வஞ்சியிடம் சொல்லிச் சிரித்தான் செங்கோடன்.

எலும்பு கூடியது; உருண்டை நிற்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியது. காலையில் லாயத்து மூலையில் நின்று நான்கையும் விழுங்கினால்தான் கடிவாளம் பிடிக்கக் கை வந்தது. அதில் சுகம் ஏதும் மிச்சமில்லை. விழுங்காவிட்டால் வியர்வை, வாந்தி, நடுக்கம். மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்ட நாளில் மருந்து கொண்டுவரப் போனவன், அபினோடு மட்டும் திரும்பினான். வஞ்சி அவன் முகத்தைப் பார்க்கவே மறுத்தாள்.

மகள் பிழைத்தாள். அன்று அவனே சொன்னான்:

“என்னை உள்ளே போட்டுப் பூட்டு, வஞ்சி. எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காதே. கெஞ்சுவது நான் இல்லை என்று வைத்துக்கொள்.”

அவள் பூட்டினாள். கதவை உதைத்தான், அவள் பிறந்த வீட்டையே இழுத்து வைதான். அவள் ஜன்னல் வழியே கஞ்சி கொடுத்தாள், கதவைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் நடுக்கம் அடங்கியது. பன்னிரண்டாம் நாள் ஆதப்பர் வந்து நாடி பார்த்தார். “இனி பயமில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழாம் நாள் நண்பகல், வஞ்சி துணி துவைக்க ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது. செங்கோடனின் தம்பி நம்பியானிடம் சாவியைக் கொடுத்து, சோறு வைத்துவிட்டுப் பூட்டச் சொன்னாள். அவனும் குதிரைக்காரன், வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். அவன் உடம்பிலிருந்து லாயத்து வாடை வீசியதும், தெளிந்திருந்த செங்கோடனின் கைகள் மறுபடி நடுங்கின.

“ஒரே ஒரு தடவை, தம்பி. லாயத்தில் என் சேணத்துக்கு அடியில் உருண்டை இருக்கிறது” என்று காலில் விழுந்தான்.

அண்ணன் தன் காலில் விழுந்ததை நம்பியானால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்தான்.

“எப்போதும் எத்தனை போடுவீர்கள்?”

“நான்கு.”

வஞ்சி திரும்பியபோது செங்கோடனுக்கு மூச்சு இல்லை.

வழக்கு அரசியின் முன் வந்தது.

“காப்பாற்றி வைத்திருந்தேன். இந்தப் பாவி கொன்றுவிட்டான்!” என்றாள் வஞ்சி.

“மனிதனை மாடு மாதிரி அடைத்துப் போட்டது நீங்கள், அண்ணி! அவர் தினமும் போட்ட அளவைத்தான் கொடுத்தேன்” என்று நம்பியான் கத்தினான்.

சபையில் இருந்த ஆதப்பர் இருவரையும் ஏளனமாகப் பார்த்தார். “மூடர்கள்! தினமும் அபின் வந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அப்போது நான்கையும் தாங்கும். விட்டுவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆசை மட்டும் போகாது. பழகிய வாடை பட்டாலே எழுந்துவிடும். பதினேழு நாள் விட்டவனுக்கு நான்கு உருண்டை நஞ்சு என்பது வைத்தியம் படித்த எவனுக்கும் தெரியும்!”

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள். பூட்டிய மனைவி, இரங்கிய தம்பி, வைத்தியர், தானே கேட்டு வாங்கி விழுங்கிய செங்கோடன். இந்தச் சாவுக்கு முதல் பொறுப்பு யாருடையது?

அரசி சொன்ன விடை இது: “நோய் பிடித்த மூளை கேட்டதைச் செங்கோடனின் சொல்லாக நான் எடுக்க மாட்டேன். ‘பூட்டு’ என்றதே அவன் சொல். வஞ்சி அதைக் காத்தாள். நம்பியான் மீறினான், ஆனால் கொடுப்பது நஞ்சென்று அறியாமல் மீறினான். அறிந்தவர் ஒருவரே. பன்னிரண்டாம் நாள் அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போனவர் ஆதப்பர். பொறுப்பு அவருடையது.” ஆதப்பர் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். நம்பியான் விடுதலையானான். ஆனால் வஞ்சி அதன்பின் அவனைத் தன் வாசற்படி ஏற விடவில்லை. அரசியின் தீர்ப்பை யாராவது நினைவூட்டினால், எழுந்து உள்ளே போய்விடுவாள்.