பெரிய ராஜா ஏன் கனைத்தார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கூப்பிடு தூரத்துக்கு ஒரு ராஜா இருந்த நாளில், நெய்தலூர்ச் சீமையை உத்தமபூபதி ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்பார்.

அவர் சபையில் சம்புலிங்கம் என்றொரு வைத்தியர். மந்திரி பொன்னுரங்கத்தின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். ஒருநாள், காலமான பெரிய ராஜாவின் தினக்குறிப்பு ஓலைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கேளுங்கள் மகாராஜா. 'அரசர் கூடத்தில் நாலு காலில் தவழ்ந்தார். மூன்று முறை கனைத்தார். வாயில் புல்லைக் கவ்வினார்.' எட்டு மாதம் இதே கூத்து. தங்கள் தகப்பனாருக்கு முற்றிய பித்து. பித்தர் படம் சபையில் தொங்கலாமா? பித்தர் வைத்த மந்திரி நீடிக்கலாமா?"

ராஜாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா போனபோது அவருக்கு ஐந்து வயசு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அப்பா முகத்தையே ஞாபகம் வைத்திருந்தார்.

"படத்தை இறக்குங்கள்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இறக்கலாம் மகாராஜா. அதற்குமுன் வைத்தியர் இன்னொரு ஓலைக்கும் நோய் சொல்லட்டும்" என்றார் மந்திரி. தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாசித்தார்: "'அரசர் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். பூனைபோலக் கத்தினார். தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு அந்தப்புரத்தைச் சுற்றினார்.'"

"ஐயையோ, இது அதைவிட முற்றல். இந்த ஆளைக் கட்டிப்போட்டுத்தான் வைத்தியமே பார்க்கணும்" என்றார் சம்புலிங்கம்.

சிம்மாசனத்தில் ராஜா நெளிந்தார். மந்திரி விரலை எடுத்தார்.

"இது போன வெள்ளிக்கிழமை ஓலை, வைத்தியரே."



"செங்கமலம் சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தாள். அதற்காகத்தான் பூனையானேன்" என்றார் ராஜா. செங்கமலம் அவருடைய மூன்று வயது மகள். "அவள் பேரை ஏன் எழுதவில்லை?"

"கண்பட்டுவிடும் என்று ஏழு வயசுவரை அரண்மனைப் பிள்ளைகளை ஓலையில் எழுதுவதில்லையே" என்றார் மந்திரி. " அப்போதும் இதே வழக்கம்தான். பெரிய ராஜா தவழ்ந்ததை எழுதினார்கள், முதுகில் குதிரைச் சவாரி செய்தவரை விட்டுவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அவர் காதைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் வேகமா' என்று அதட்டியது நீங்கள்தான்."

ராஜா எழுந்துபோய்ப் படத்தின்முன் நின்றார். "அப்பா கடுக்கன் போட்டிருப்பார். பிடித்தால் கைக்குச் சில்லென்று இருக்கும்" என்றார். இத்தனை வருஷமாக மறந்துபோயிருந்தது. சபையென்றும் பாராமல் அழுதார்.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. படம் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகளை எழுதாத வழக்கம் அன்றோடு ஒழிந்தது. வைத்தியருக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அன்று சாயங்காலத்து ஓலையே சொல்லும்:

"வைத்தியர் சம்புலிங்கம் நாலு காலில் தவழ்ந்தார். மூன்று முறை கனைத்தார். முதுகில் இளவரசி செங்கமலம்."