சைக்கிள் டியூப் கட்டிய மிஷின்

"இந்தப் பயத்தைக் கழட்ட ஏதாவது ஸ்பேனர் இருக்கா வாத்தியாரம்மா?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

அவர் முன்னால் மேஜையில் கிடந்தது, அவர் அப்பா விட்டுட்டுப் போன மரம் அறுக்கிற மிஷின்.

வாத்தியாரம்மா ஜொகராவுக்கு வயசு இருபத்தாறு. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். சிஷ்யன் சூசைமாணிக்கம் தச்சர், நாற்பத்தேழு வயசு. ஆறு மாசமாக அவளிடம் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்கிறார். இதில் சிரிக்க ஒண்ணும் இல்லை.

"முதல்ல சுவிட்சைச் சொல்லுங்கண்ணே. இதுக்குப் புதுசு கிடைச்சுதா?"

"பதினோரு கடை ஏறி இறங்கிட்டேன். இந்த மாடலையே நிறுத்தி இருபது வருசமாச்சாம். ஒருத்தன் மியூசியத்துல போய்க் கேளுங்கன்னான்."

ஜொகரா செத்துப்போன ஒரு டிரில்லிங் மிஷினைப் பிரித்தாள். அதன் சுவிட்சை அரத்தால் ராவினாள். ரெண்டு தடவை பொருந்தவில்லை. மூணாவது தடவை உட்கார்ந்தது.

"சுவிட்சு ஆச்சு. பயம் எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் கைப்பிடியைக் காட்டினார். அதில் ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது.

"சுவிட்சை அமுக்கினா ஓடும், விட்டா நின்னுடும். விரல் வலிக்குதுன்னு அப்பா அமுக்கின மேனிக்கே இந்த டியூபால கட்டிடுவாரு. எல்லாரும் செய்யறதுதான். ஒருநாள் கரண்டு போச்சு. பிளேடுல சிராய் சிக்கியிருந்துச்சு. எடுக்கப் போனாரு. கரண்டு வந்துருச்சு."

"எத்தனை விரல்?"

"மூணு. மரத்தூளுக்குள்ள கையை விட்டுத் தேடினது நான்தான். பன்னெண்டு வயசு எனக்கு. ரெண்டுதான் கிடைச்சுது."

ஜொகரா அந்த டியூபைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆனா மனுசன் பயப்படல. காயம் ஆறினதும் மறுபடி இதே டியூபைக் கட்டி அறுத்தாரு. எனக்கு இதைத் தொடவே முடியல. திங்கக்கிழமை இருபத்திரண்டு கதவுக்கு மரம் அறுக்கணும். இந்தப் பயத்தோட எப்படி அறுப்பேன்?"

"அப்பா மாதிரியே கட்டுங்க."

கட்டினார். பலகை மேல் மிஷினை வைத்துப் பிடித்துக்கொண்டு பிளக்கைச் சொருகினார். மிஷின் அலறியது. பலகையைப் பாதி வரைக்கும் அறுத்துக்கொண்டு போனது.

ஜொகரா வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பல்பு அணைந்தது. பிளேடு சுற்றிச் சுற்றி நின்றது.

"கரண்டு போச்சு. சிராய் சிக்கியிருக்கு பாருங்க. எடுங்க."

அவர் கை போனது. ஒரு சாண் தள்ளி நின்றது.

ஜொகராவைப் பார்த்தார். ஒரு கை மெயின் சுவிட்சு மேல். இன்னொரு கையை மூடி வைத்திருந்தாள்.

"எடுங்கண்ணே. கதவு இருபத்திரண்டு."

"போட்டுருவியா?"

"கரண்டு என்ன சொல்லிட்டா வரும்?"

பிளேடின் பற்கள் அவரையே பார்த்தன. கழுத்தில் வேர்வை இறங்கியது. மரத்தூள் வாசம் அடித்தது. அந்த வாசத்தோடு பன்னிரண்டு வயசும் வந்தது.

கையை இழுத்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கினதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் சிராயை எடுத்தார்.

அப்புறம், யாரும் சொல்லாமலே, டியூபை அவிழ்த்தார்.

டக். ஜொகரா மெயினைப் போட்டாள். பல்பு எரியவில்லை.

மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே, மெயினை இறக்கினப்பவே பிடுங்கின ஃப்யூஸ்.

"அடிப்பாவி! இல்லாத கரண்டுக்கா இப்படி நடுங்கினேன்?"

"பயம் போச்சா?"

அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"போகல."

"அப்ப மிஷின் ரெடி," என்றாள் ஜொகரா. "எடுத்துட்டுப் போங்க."