கருவேல முளையும் தாடிக்காரரும்

செவலூரணி ஜமீன்தார் மருதப்பர் கருவேலங்காடு ஒன்று எழுப்ப விரும்பினார். மூட்டை மூட்டையாய் விதை ஊன்றித் தண்ணீர் வார்த்தும், கல்போன்ற அவ்விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கோபமெல்லாம் ஆட்டுக்காரி இருளாயியின்மேல் திரும்பியது.

"முளையையெல்லாம் உன் ஆடுகள்தாம் மேய்ந்துவிட்டன!"

"முளைக்காததை எப்படி எசமான் மேயும்?"

சபை சிரிப்பை விழுங்கியது. ஜமீன்தாரின் மீசை துடித்தது.

"வாயாடி! இந்தக் கருவேல நெற்றுகளை எடுத்துப்போ. அமாவாசைக்குள் இவற்றின் விதை முளைக்க வேண்டும். தவறினால் உன் மந்தை முழுவதும் என் அடுக்களைக்கு! முளைக்க வைத்தவருக்கோ, என் காட்டில் நுழையக் காலமெல்லாம் தடையில்லை."

"முளைக்க வைத்தவர் எவராயினுமா, எசமான்?"

"எவராயினும்! குலதெய்வத்தின்மேல் ஆணை!"

அமாவாசையன்று அரண்மனையில் அடுப்புகள் மூண்டன, கத்திகள் தீட்டப்பட்டன. அப்போது இருளாயி தலையில் மண்சட்டியுடன் வந்து நின்றாள். சட்டி நிறையக் கருவேல முளைகள்!

ஜமீன்தார் திகைத்தார். "என்ன மாயம் செய்தாய்?"

"நான் பொறுக்கி ஊன்றியதோடு சரி, எசமான். நெற்றைத் தின்று, வயிற்றுச் சூட்டில் விதையின் தோலை இளக்கி, அசைபோடும்போது பட்டியில் துப்பியவர் வேறொருவர். தங்கள் வாக்கு அவருக்கே உரியது. வாசலில் நிற்கிறார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். தாடி வைத்த கிடா ஒன்று, முன்னங்கால்களைத் தூக்கி நின்று, அரண்மனை வாசலின் மாவிலைத் தோரணத்தை மென்றுகொண்டிருந்தது.

ஜமீன்தார் தீட்டிய கத்தியைப் பார்த்தார். குலதெய்வத்தின் படத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"காடு அவருக்குத்தான், இருளாயி. தோரணத்தையாவது விடச் சொல்."